மணலில் எழுந்த எண்கள்: திண்ணைப் பள்ளியிலிருந்து பிக்கரிங் வரை

ரொறன்ரோ மாநகரின் கிழக்கெல்லையில், ரூஜ் நதியைக் கடந்ததும் தொடங்குவது பிக்கரிங் நகரம். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கனடா வந்திறங்கிய எமது குடும்பங்கள் முதலில் ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் மாடிக் குடியிருப்புகளில் ஒண்டி வாழ்ந்தன. பின்னர் அவற்றிற் பல 401 நெடுஞ்சாலை வழியே கிழக்கு நோக்கி நகர்ந்து பிக்கரிங்கிலும் ஏஜாக்சிலும் வீடு அமைத்துக்கொண்டன. இவ்வீடுகளின் சமையலறை மேசைகளில் மாலை வேளைகளில் ஒரு கேள்வி மீண்டும் மீண்டும் எழுகின்றது. முதலாம், இரண்டாம் தரத்திற் பயிலும் பிள்ளைக்குக் கூட்டலையும் கழித்தலையும் நாம் வீட்டிற் சொல்லிக்கொடுக்கலாமா? நாம் படித்த முறை வேறு, இங்குள்ள முறை வேறு. எமது மொழி வேறு, வகுப்பறை மொழி வேறு. தலையிட்டுப் பிள்ளையைக் குழப்பிவிடுவோமோ?

இக்கேள்விக்கு இருவிதமான விடைகள் எம்மிடையே வழக்கிலுள்ளன. பாடசாலையிடமே முழுவதையும் விட்டுவிடுவோம் என்பது ஒன்று. பணம் கட்டித் தனியார் வகுப்பில் விட்டுவிடுவோம் என்பது மற்றையது. இரண்டு வேலை பார்த்துக் களைத்து வரும் தாய் தந்தையர் இவற்றை நாடுவதில் வியப்பில்லை. எனினும் இரண்டு விடைகளும் ஒரே எண்ணத்திலிருந்து பிறக்கின்றன: பிள்ளைக்குக் கற்பிக்கத் தக்கது எதுவும் எம் கையில் இல்லை என்ற எண்ணமே அது. இவ்வெண்ணம் சரியானதா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணும் எழுத்தும்

தமிழ் மரபில் கல்வியைக் குறிக்கும்போது எண், எழுத்து என்னும் இரண்டும் இணைத்தே கூறப்பட்டன. திருக்குறளும் சரி, ஔவையாரின் நீதிநூலும் சரி, எழுத்துக்கு முன்னே எண்ணை வைத்துள்ளமை கவனிக்கத்தக்கது. இவ்வைப்பு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஊர்தோறும் இருந்த திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அரிச்சுவடிக்கு அருகே எண்சுவடியும் இருந்தது. ஆசிரியர் ஒருவர், அவருக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை எனப்படும் மூத்த மாணவன். யாழ்ப்பாணத்தில் ஆசிரியரையே சட்டம்பியார் என்றழைக்கும் வழக்கும் இருந்தது. புதிதாக வந்த சிறுவன் தரையிற் பரப்பிய மணலில் விரலால் எழுதுவான். எழுதும்போதே உரத்துச் சொல்லுவான். கை பழகிய பின்னரே ஏடும் எழுத்தாணியும் அவன் கைக்கு வரும்.

இப்பள்ளிகளில் முதன்முதற் பயிலப்பட்ட கணக்குச் சுவடிக்குப் பொன்னிலக்கம் என்று பெயர். அடுத்து வருவது நெல்லிலக்கம். அதன் பின்னரே பெருக்கல் வாய்ப்பாடுகளைக் கொண்ட எண்சுவடி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில்பாபு இச்சுவடிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2022ஆம் ஆண்டில் விரிவான ஆங்கில நூலொன்றை வெளியிட்டுள்ளார். வெறும் மனப்பாடம் என்று ஒதுக்கப்பட்ட இச்சுவடிகளுக்குள் ஒழுங்கான படிமுறை உண்டென்பதை அந்நூலால் அறிகின்றோம்.

பொன்னிலக்கம் காட்டும் வழி

பொன்னிலக்கத்தின் உயிர்நிலை கூட்டலேயாகும். அதில் எண்கள் மிகச் சிறியதிலிருந்து தொடங்கி ஒன்றோடொன்று கூடி வளர்கின்றன. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. முந்திரியும் முந்திரியும் கூடினால் அரைக்காணி. அரைக்காணி இரண்டு சேர்ந்தால் எண்பதில் ஒன்றாகிய காணி. காணி இரண்டு அரைமா. அரைமா இரண்டு மா, அதாவது இருபதில் ஒன்று. மா இரண்டு இருமா. இருமா இரண்டு நாலுமா. அதனோடு இன்னொரு மா சேர்ந்தால் கால். கால் இரண்டு அரை; அரையும் காலும் முக்கால்.

இப்பெயர்களை உற்று நோக்குவோர்க்கு ஓர் அழகு புலப்படும். பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்று பெயர். ஏன்? மாவும் காணியும் கூடினால் கிடைப்பது அதுவே. மா என்பது நாலு காணி. அதனோடு ஒரு காணி சேர ஐந்து காணி. எண்பதில் ஐந்து பங்கு, பதினாறில் ஒரு பங்கு. கூட்டற் கணக்கொன்று ஒரு சொல்லாகவே உறைந்து கிடக்கின்றது. இவற்றை ஆறேழு வயதுப் பிள்ளை நெல்லையும் காசையும் கண்ணாற் கண்டு பழகிய சூழலிற் கற்றது. நெல்லிலக்கத்தில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று அளவைகள் ஏறின. அளக்கும் பாத்திரம் வீட்டிலே இருந்தது. அதன் கணக்கு பள்ளியிலே இருந்தது. வீடும் பள்ளியும் ஒன்றையொன்று தாங்கின.

சிறுவர் பயின்ற அச்சுவடிகளின் மேற்படியிற் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நின்றன. காரிநாயனார் பெயரால் வழங்கும் அந்நூலில், பலாப்பழத்தை வெட்டாமலே அதன் சுளைகளைக் கணிக்க ஒரு வழி கூறப்படுகின்றது. காம்பருகேயுள்ள சிறு முள்ளுகளை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்கவேண்டுமாம். பழத்துக்குப் பழம் அது பொருந்துமோ என்பது வேறு விடயம். கணக்கு என்பது தோட்டத்திலும் குசினியிலும் கையாளப்படும் பொருள் என்ற மனப்பாங்கே இங்கு முக்கியமானது.

இம்மரபைப் புகழும்போது அதன் குறைகளை மறைத்தல் தகாது. திண்ணைப் பள்ளியிற் பிரம்பு ஓயாது பேசியது. சிறுவரைக் கயிற்றிற் தொங்கவிடும் கோதண்டம் போன்ற கொடுந்தண்டனைகள் இருந்தன. பெண்பிள்ளைகள் மிக அரிதாகவே அங்கு இடம்பெற்றனர். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோர்க்குத் திண்ணை எட்டாத இடமாயிருந்தது. ஆகவே நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை மட்டுமே, அதிகாரத்தை அன்று.

வீட்டிலே நடந்த பள்ளிக்கூடம்

1822ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராயிருந்த சேர் தோமஸ் மன்றோ, தம் ஆட்சிப் பகுதியில் எத்தனை பள்ளிகள் உள்ளன என்று கணக்கெடுக்கப் பணித்தார். அதன் பெறுபேறுகளைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகளும் 188,650 மாணவரும் இருந்தனர். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது அக்கணக்கு. இவ்வறிக்கைகளை ஆய்வாளர் தரம்பால் 1983இல் நூலாகத் தொகுத்து வெளியிட்டதன் பின்னரே அவை பரவலாக அறியப்பட்டன.

அவ்வறிக்கைகளில் எமக்கு மிக வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சென்னை நகரில் மட்டும் வீட்டில் வைத்துக் கற்பிக்கப்பட்ட பிள்ளைகள் 26,000க்கு மேற்பட்டோர் என்று அந்நகரின் ஆட்சியாளர் எழுதினார். பள்ளிகளிற் பயின்றோரைவிட இது ஏறத்தாழ ஐந்து மடங்கு. எண்ணிக்கை மிகையாயிருக்கக் கூடுமென மன்றோவே ஐயுற்றார். ஆயினும் உறவினரும் தனி ஆசிரியரும் வீட்டிற் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வழக்கம் நாட்டின் எப்பகுதியிலும் அரிதன்று என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். வீட்டிற் கணக்குச் சொல்லிக்கொடுத்தல் புலம்பெயர்ந்த நாட்டில் நாம் புதிதாகச் சுமக்கும் பாரமன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அரச ஏடுகளிற் பதிவான எம் பழக்கம்.

மணல் கடல் கடந்த கதை

இனி இவ்வரலாற்றின் வியப்புமிக்க அத்தியாயத்துக்கு வருவோம். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அன்ட்ரூ பெல் என்னும் மதகுரு 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரிலிருந்த ஆண் அநாதைச் சிறுவர் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். ஆங்கிலேயப் போர்வீரரின் பிள்ளைகளைக் கொண்ட அக்காப்பகத்தில் எழுத்துக் கற்பித்தல் மந்தமாகவே நடந்தது. ஒருநாள் காலை குதிரையிற் சென்ற பெல், மலபார்ப் பள்ளி ஒன்றிற் சிறுவர்கள் நிலத்திலமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அக்காலத்தில் ஐரோப்பியர் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழரை மலபார் என்றே குறிப்பிட்டனர் என்பதை இங்கு நினைவுகூரவேண்டும். கண்டதைத் தம் காப்பகத்திற் புகுத்த அவர் முயன்றார். கீழிருந்த ஆசிரியர் உடன்படவில்லை. உடனே பெல் ஒரு மாணவச் சிறுவனிடமே கடைநிலை வகுப்பை ஒப்படைத்தார். பிள்ளை பிள்ளைக்குக் கற்பிக்கும் அம்முறை பெருவெற்றி கண்டது.

1797இல் பெல் இம்முறையை விளக்கி இலண்டனில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ‘மட்ராஸ் முறை’ என்று அது பெயர் பெற்றது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த தேசியக் கல்விச் சங்கம் அம்முறையை ஏற்றுப் பள்ளிகளை நிறுவத் தொடங்கியது. மணலை மட்டுமே தமிழ்ப் பள்ளியிடம் பெற்றதாக பெல் கூறினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பித்தல் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். ஆனால் சட்டாம்பிள்ளை முறை இங்குள்ள பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. 1823இல் பெல்லாரி மாவட்ட ஆட்சியாளர் கம்பெல் எழுதிய அறிக்கை, மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் அங்குள்ள ஏற்பாட்டைப் பாராட்டி, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகுந்ததே என்ற கருத்தைத் தெரிவிக்கின்றது.

மணலின் பயணம் இங்கிலாந்தோடு முடியவில்லை. 1820ஆம் ஆண்டளவில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் ‘மட்ராஸ் பள்ளி’ என்னும் பெயரிலேயே பள்ளிகளை நடத்தும் சபை நிறுவப்பட்டது. அதே 1820இல், அப்போது யோர்க் என்று அழைக்கப்பட்ட சிற்றூரில், மேல் கனடாவின் துணை ஆளுநர் சேர் பெரகிறின் மெயிற்லண்டின் ஆதரவோடு ‘அப்பர் கனடா சென்றல் ஸ்கூல்’ திறக்கப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட ஜோசப் ஸ்பிராக் அதன் ஆசிரியர். பெல்லின் முறையே அங்கு பின்பற்றப்பட்டது. 1834இல் அவ்வூரின் பெயர் மாறியது. இன்று நாம் ரொறன்ரோ என்று சொல்வது அந்த யோர்க்கைத்தான்.

இதன் பொருளை ஒருகணம் சிந்திப்போம். எமது முதற் குடும்பங்கள் இம்மண்ணில் அகதிகளாக வந்திறங்குவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே, எம் மூதாதையர் வீட்டுத் திண்ணைகளிலிருந்து புறப்பட்ட ஒரு கற்பித்தல் வழியின் சாயல் இந்நகருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தோர் தமிழரல்லர். வந்த வழியில் அது பெரிதும் உருமாறியிருந்தது என்பதும் உண்மை. பிற்காலத்தில் அம்முறை இயந்திரம் போலாகிவிட்டது என்ற கண்டனத்துக்கு உள்ளாகி வழக்கொழிந்தது. எனினும் ‘எமது முறை இங்கு பொருந்தாது’ என்று தயங்கும் பெற்றோர் இக்கதையை அறிந்திருத்தல் நலம்.

யாழ்ப்பாணத்துக் கணக்கு

ஈழத்து வரலாறும் இதனோடு பிணைந்ததே. 1816இல் தெல்லிப்பழையிற் பணி தொடங்கிய அமெரிக்க மிசன், 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் செமினறியையும், 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் நிறுவியது. வட்டுக்கோட்டையில் மேலைத்தேயக் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. அங்கு பயின்ற கரோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அவரும் சி.வை.தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். பழஞ்சுவடிகளைப் பதிப்பித்துக் காத்தவர் என்று நாம் போற்றும் தாமோதரம்பிள்ளை, கணிதம் பயிற்றிய கல்விக்கூடத்திலிருந்து வந்தவர் என்பது மறக்கற்பாலதன்று. 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒருவரோடொருவர் போட்டியிட்டு எழுந்த இப்பள்ளிகளால் எண்ணும் எழுத்தும் கிராமங்கள் வரை பரவின.

பணமும் மாறியது. 1872இல் இலங்கை ரூபாய் நூறு சதங்களாகப் பகுக்கப்பட்டது. இந்தியா 1957 வரை அணாக் கணக்கில் இருக்க, இலங்கைப் பிள்ளை எண்பத்தைந்து ஆண்டுகள் முன்பே பத்தின் மடங்குகளிற் காசெண்ணப் பழகியது. கனடாவிலும் 1858 முதலே டொலரும் சதமும் கணக்கில் வந்தன. மாவும் காணியும் மெல்ல மறைந்து, வாய்ப்பாட்டுப் புத்தகம் மட்டும் நிலைத்தது.

1945இல் வந்த இலவசக் கல்வி வறியோர் வீட்டுக்கும் கதவைத் திறந்தது. ஆனால் 1970களில் வந்த பல்கலைக்கழகத் தரப்படுத்தல், தமிழ் மாணவர் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கூடுதற் புள்ளிகள் பெறவேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது. கணிதம் அறிவாக இருந்த நிலை மாறி, உயிர் பிழைக்கும் வழியாயிற்று. ஒரு புள்ளி குறைந்தால் ஒரு வாழ்வு குறைந்தது. அந்த அச்சத்தில் வளர்ந்தோரே இன்றைய பெற்றோரிலும் பாட்டன் பாட்டியரிலும் பலர். ஆறு வயதுப் பிள்ளை ‘எட்டும் ஐந்தும்’ என்ற கேள்விக்குத் தயங்கும்போது எமது குரல் ஏன் தானாக உயர்கின்றது என்பதற்கு விடை இங்கேயும் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அது எம்முடையது, பிள்ளையுடையதன்று. ஈழத்திற் கணக்கோடு ஒட்டிய பயத்தைப் பிக்கரிங் மேசையில் இறக்கி வைக்காதிருத்தல் எமது முதற் கடமையாகும்.

தமிழ் எண்பெயர் தரும் பலம்

வீட்டிலே தமிழில் எண்ணினால் பிள்ளை குழம்பும் என்ற அச்சத்தையும் ஆராய்வோம். ரொறன்ரோவில் ஒன்ராறியோ கல்வி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜிம் கமின்ஸ், ஒரு மொழியிற் பெற்ற கருத்து மற்ற மொழிக்கும் அடித்தளமாகும் என்பதை 1970களின் இறுதியிலிருந்து வலியுறுத்தி வந்தார். மூன்றும் நாலும் ஏழு என்பதை அம்மம்மாவிடம் தமிழில் அறிந்த பிள்ளை, அதை வகுப்பறையில் மீண்டும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெயரை மாற்றிக்கொண்டாற் போதும்.

மேலும் தமிழ் எண்பெயர்கள் கணக்கை வெளிப்படையாகக் காட்டுகின்றன. பதின்மூன்று என்பது பத்தும் மூன்றும். இருபது என்பது இரண்டு பத்து. ஆங்கிலத்தில் இலெவன், ருவெல்வ் என்னும் பெயர்களிற் பத்து ஒளிந்துகொண்டிருக்கின்றது. தேர்ட்டீன் என்பதில் மூன்று முந்துகின்றது. அதனாற் சில பிள்ளைகள் 13ஐ 31 என்று எழுதுகின்றனர். ஃபிஃப்ரீனும் ஃபிஃப்ரியும் செவியில் மயங்கும். பதினைந்தும் ஐம்பதும் மயங்குவதில்லை. இங்கு பிள்ளைகள் கற்கும் பிரெஞ்சு மொழியிலோ எண்பதுக்கு ‘நாலு இருபது’ என்று பெயர். சீன, யப்பானிய மொழிகளின் தெளிவான எண்பெயர்கள் அம்மொழிச் சிறுவர்க்குப் பத்தின் அமைப்பை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகின்றன என்று 1980களிலிருந்து ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். வளர்ப்பு முறை, பாடசாலை முறை ஆகியவற்றின் பங்கும் அதில் உண்டு என்று வாதிடுவோரும் உளர். எவ்வாறாயினும், கைக்கெட்டிய இந்த உதவியைப் பயன்படுத்தாதிருக்கக் காரணமில்லை.

பழைய தமிழ் எண்குறியும் இதையே காட்டும். 23ஐ ௨௰௩ என்று எழுதினர். இரண்டு, பத்து, மூன்று என்று சொல்லுகின்றபடியே எழுத்தும் நின்றது. விதிவிலக்கும் உண்டு. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய பெயர்கள் அடுத்து வரும் பத்தையும் நூறையும் ஆயிரத்தையும் தழுவி நிற்கின்றன. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்ற தனிப்பெயர் இருந்தது. இதனைப் பிள்ளைக்குக் கதையாகவே சொல்லலாம்.

பிக்கரிங் மேசையிலே

ஒன்ராறியோ மாகாணத்தின் 2020ஆம் ஆண்டுக் கணிதப் பாடத்திட்டம், முதலாம் தரப் பிள்ளை 10 வரையான கூட்டல்களையும் அவற்றோடு தொடர்புள்ள கழித்தல்களையும், இரண்டாம் தரப் பிள்ளை 20 வரையானவற்றையும் நினைவிலிருந்து சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கின்றது. பிக்கரிங்கின் பாடசாலைகளும் இதையே பின்பற்றுகின்றன. எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ‘கையில் ஒன்று’, ‘கடன் வாங்கு’ என்று நாம் பழகிய முறைக்கு இவ்வயதில் அவசரமில்லை. இருபதுக்குட்பட்ட எண்கள் கையிலும் கண்ணிலும் நாவிலும் பழகுவதே முதலாவது. பொன்னிலக்கம் செய்ததும் அதையேயன்றோ?

இதற்கு விலைகொடுத்து வாங்கவேண்டியது எதுவுமில்லை. பன்னிரண்டு குழியுள்ள முட்டைப் பெட்டியில் இரண்டு குழிகளை வெட்டி நீக்கினாற் பத்துக் குழிகள் எஞ்சும். ஒரு வரிசைக்கு ஐந்தாக இரு வரிசைகள். பாடசாலையிற் பயன்படும் பத்துச் சட்டகமும் இதே அமைப்புடையது. எட்டுக் கடலையை அதில் இட்டு, கையில் ஐந்தைக் கொடுத்து, “பெட்டி நிறைய எத்தனை வேணும்?” என்று கேட்போம். இரண்டு இடும், பெட்டி நிறையும், கையில் மூன்று மிஞ்சும். பத்தும் மூன்றும் பதின்மூன்று. விடையின் பெயரே கணக்கைச் சொல்லிவிடுகின்றது. உரத்துச் சொல்லும்படி ஊக்குவிப்போம். திண்ணைப் பள்ளியில் கையும் வாயும் ஒன்றாக இயங்கியதன் பயன் இதுவே.

கழித்தலை ‘எடுத்துவிடல்’ என்று மட்டும் காட்டாமல் ‘நிரப்புதல்’ என்றும் காட்டவேண்டும். ஊர்க் கடைக்காரர் மிச்சக்காசு கொடுத்த முறையை நினைவுகூர்வோம். ஏழு ரூபாய்ச் சாமானுக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் அவர் எழுதிக் கழிக்கவில்லை, “ஏழு... எட்டு, ஒன்பது, பத்து” என்று மூன்று ரூபாயை எண்ணிக் கையில் வைத்தார். பதின்மூன்றில் எட்டுப் போனால்? எட்டிலிருந்து பத்துக்கு இரண்டு, பத்திலிருந்து பதின்மூன்றுக்கு மூன்று, ஆக ஐந்து. கனடாவில் 2013இல் ஒரு சத நாணயம் நிறுத்தப்பட்டதிலிருந்து காசுக் கொடுப்பனவுகள் ஐந்து சதத்துக்கு முழுமையாக்கப்படுகின்றன. ஆகவே சற்று வளர்ந்த பிள்ளையோடு ஐந்தைந்தாக எண்ணிக் கடை விளையாட்டு விளையாடலாம். மூன்று டொலர் 65 சதப் பொருளுக்கு ஐந்து டொலர் கொடுத்தால், 70க்கு ஐந்து சதம், நாலு டொலருக்கு முப்பது சதம், ஐந்துக்கு ஒரு டொலர். மிச்சம் ஒரு டொலர் 35 சதம்.

எம் விளையாட்டுகளும் கணக்குப் பாடங்களே. கொக்கானில் ஐந்து கற்களில் மூன்று நிலத்திலிருந்தால் கையில் இரண்டு என்பதைப் பிள்ளை கேளாமலே அறியும். தாயமும் பரமபதமும் எண்ணி நகரப் பழக்கும். 2008இல் அமெரிக்க ஆய்வாளர்களான ரொபேட் சிக்லரும் கீதா ரமணியும் வெளியிட்ட ஆய்வொன்று, ஒன்று முதல் பத்து வரை எண்கள் நேர்வரிசையில் அமைந்த பலகை விளையாட்டை மொத்தம் ஒரு மணித்தியாலமளவு விளையாடிய வறிய குடும்பச் சிறார்களின் எண்ணறிவு குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்ததைக் காட்டியது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் காய் இரண்டு நகரும்போது “ஒன்று, இரண்டு” என்னாமல் “ஆறு, ஏழு” என்று சொல்லப் பழக்கவேண்டும். கூட்டல் அங்கேதான் பிறக்கின்றது.

சட்டாம்பிள்ளையை எங்கே தேடுவது? மூன்றாம், நாலாம் தரத்திற் படிக்கும் அக்காவோ அண்ணனோ எம் வீட்டிலேயே இருக்கின்றார். தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளை தானும் ஆழமாகக் கற்கும். பகலில் வீட்டில் தனித்திருக்கும் அப்பப்பாவும் அம்மம்மாவும் இருக்கின்றனர். பேரப்பிள்ளையின் ஆங்கிலம் தமக்கு விளங்கவில்லை என்று ஒதுங்கியிருக்கும் முதியவர்க்கு, முருங்கைக்காயை எண்ணி வெட்டும்போதும் கோப்பைகளை அடுக்கும்போதும் பிள்ளையோடு பேச ஒரு பொருள் கிடைக்கின்றது. கடிதங்களையும் படிவங்களையும் பெற்றோருக்கு மொழிபெயர்த்துச் சொல்லி வளரும் எம் பிள்ளைகள், பெற்றோர் எதையும் அறியாதவர் என்ற எண்ணத்தோடு வளர்ந்துவிடும் ஆபத்து அகதி வாழ்வில் உண்டு. நாளுக்குப் பத்து நிமிடக் கணக்கு அந்த எண்ணத்தை அசைத்துவிடும். ‘அம்மாவுக்குத் தெரியும்’ என்று பிள்ளை அறிவது, எட்டும் ஐந்தும் பதின்மூன்று என்று அறிவதிலும் பெரிய கல்வி.

பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தவறினால் அதட்டல் வேண்டாம், “எப்படிக் கண்டுபிடிச்சனீ?” என்று கேட்டாற் போதும். விடையிலும் அது சென்ற வழி முக்கியமானது. பாடசாலையிற் சொல்லிய வழி எமக்குப் புதிதாயின், அதையும் பிள்ளையிடமே கேட்டறிவோம். பிள்ளை ஆசிரியராகும் முறையைத்தானே பெல் உலகெங்கும் கொண்டுசென்றார்! பல வாரங்கள் பழகியும் பிள்ளை சிறு எண்ணிக்கையிலேயே தடுமாறினால், தயங்காமல் வகுப்பாசிரியரை நாடவேண்டும். வீட்டுப் பயிற்சி பாடசாலைக்கு மாற்றன்று, துணை.

எம்மிடமிருந்து வீடும் காணியும் பறிக்கப்பட்டன. நூலகம் எரிக்கப்பட்டது. சான்றிதழ்களைக் கூடக் கைவிட்டு ஓடிவந்தோர் பலர். எவராலும் பறிக்க முடியாமல் நாவிலும் விரல்நுனியிலும் எஞ்சி வந்தவற்றுள் எம் எண்களும் ஒன்று. வருகின்ற விசயதசமியன்று தட்டிற் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ஏடு தொடக்கும்போது, அகரத்துக்கு அருகே ஓர் எண்ணையும் எழுதுவிப்போம். மறுநாள் மாலை, முட்டைப் பெட்டியோடு மேசையில் அமர்வோம்.